உலாவியிற் சிதையும் தமிழ்: வன்னியின் அண்மைக்காலச் சான்றுகளை வாசித்தல் பற்றிய ஒரு குறிப்பு

வரலாற்றை எழுதப் புகுவோர் முதலில் எழுத்தை வாசிக்கக் கற்றல் வேண்டும். வவுனியா மாவட்டத்துப் பெரியபுளியங்குளப் பாறைகளிலுள்ள பிராமிச் சாசனங்களை ஆராய்வோருக்கு வரிவடிவ அறிவு இன்றியமையாதது என்பதை எவரும் மறுப்பதில்லை. ஆனால் நம்மிடமிருந்து இருபது, இருபத்தைந்து ஆண்டுகளே விலகிநிற்கும் இணையப் பக்கங்களை வாசிப்பதற்கும் அத்தகைய அறிவு வேண்டப்படுகிறது என்பது போதிய கவனத்தைப் பெறவில்லை. 1990களின் பிற்பகுதியிலும் 2000களின் முற்பகுதியிலும் தமிழில் வெளியான பக்கமொன்றை இன்றைய உலாவியில் திறந்தால், பல வேளைகளில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமே தோன்றுகின்றன. இதனை உலாவியின் பழுது என்று ஒதுக்கிவிடுவது எளிது. இப்பழுதின் பின்னாலுள்ள சமூக வரலாற்றையும், அதனைத் திருத்தும் வழியையும் வன்னியை முன்னிறுத்தி நோக்குவதே எமது கருத்தாகும்.

எடுத்துக்காட்டாகக் 'கிளிநொச்சி' என்ற ஊர்ப்பெயரைக் கொள்வோம். ஈழத்தமிழரிடையே பெருவழக்குற்ற பாமினி எழுத்துருவில் அது எஃப், பி, எஸ், பி, என், ஈ, எச், ஆர், அரைப்புள்ளி, ஆர், பி என்னும் பதினொரு குறிகளாகவே சேமிக்கப்பட்டது. கணினியைப் பொறுத்தவரை அங்கு தமிழ் இல்லை. ஆங்கில எழுத்துகளின் வரிசையே உண்டு. எஃப் என்ற எழுத்தின் இடத்தில் 'க' என்ற உருவத்தையும் அரைப்புள்ளியின் இடத்தில் மெய்ப்புள்ளியையும் வரைந்து காட்டியது எழுத்துருவே. அவ்வெழுத்துரு வாசகரின் கணினியில் உள்ளவரை பக்கம் தமிழாகத் தோன்றும். இல்லையேல் வேடம் கலைந்துவிடும். எண்கள் மாத்திரம் மாறுவதில்லையாதலின், சிதைந்த பக்கமொன்றின் நடுவே ஆண்டுகள் மட்டும் தெளிவாகத் தெரிவதைக் காணலாம்.

இம்முறை அறியாமையால் எழுந்ததன்று. யாழ்ப்பாணத்திற் பிறந்த ஆர். முத்தையா அமைத்த தமிழ்த் தட்டச்சின் விசை வரிசையையே பாமினி பெரிதும் அடியொற்றியது. தட்டச்சுப் பயின்ற கைகள் புதிதாக எதனையும் கற்கவேண்டியிருக்கவில்லை. அக்காலக் கணினிகளோ ஆங்கிலத்தை அடிப்படையாகக் கொண்டே சந்தைக்கு வந்தன. 1991இல் வெளியான ஒருங்குறியின் முதற் பதிப்பில், இந்திய அரசின் தரத்தையொட்டி 128 இடங்களைக் கொண்ட பகுதியொன்று தமிழுக்கு ஒதுக்கப்பட்டிருந்தபோதிலும், வின்டோஸ் 2000 வரும்வரை அது சாதாரணப் பயனாளரின் மேசையை வந்தடையவில்லை. இடைப்பட்ட காலத்தில், புலம்பெயர்ந்தோர் தம் ஊர்ச் செய்திகளைத் தம் மொழியில் வாசிக்க விழைந்தனர். கையிற் கிடைத்த கருவியைப் பயன்படுத்தினர். தேவை முந்தியது, தரம் பிந்தியது எனலாம்.

தரப்படுத்தும் முயற்சிகளும் நடைபெறாமல் இல்லை. 1997இற் சிங்கப்பூரிலும் 1999இற் சென்னையிலும் கூடிய மாநாடுகள் இச்சிக்கலை ஆராய்ந்தன. பல நாட்டுத் தமிழார்வலர் மின்னஞ்சல்வழி விவாதித்துத் தகுதரம் என்ற குறியேற்றத்தை உருவாக்கினர். தமிழ்நாடு அரசு டாம், டாப் என்பவற்றை ஏற்றது. 2010இலேயே ஒருங்குறிக்கு மாறியது. இலங்கையில், 1956இல் ஒதுக்கப்பட்ட தமிழ் 1987இன் பதின்மூன்றாம் திருத்தத்தின் மூலம் அரசகரும மொழியாயிற்று. ஆனால் கணினித் தமிழுக்கான இலங்கைத் தரம் 2008இலேயே வெளியாயிற்று. சட்டத்தில் ஓரிடம் பெற்ற மொழி இயந்திரத்தில் ஓரிடம் பெற இரண்டு தசாப்தங்கள் சென்றன என்பது மனங்கொள்ளத்தக்கது.

இனி, சிதைவின் குறிகளைக் கொண்டு அதன் காரணத்தை அறியும் முறையை நோக்குவோம். ஆங்கில எழுத்துகளிடையே அரைப்புள்ளிகள் மலிந்திருப்பின் அது பெரும்பாலும் பாமினி வழிப்பட்ட பக்கமாகும். அதற்குரிய மாற்றியினூடாகச் செலுத்தி ஒருங்குறியாக்க வேண்டும். மேற்கோடிட்ட 'ஏ' எழுத்தும் வட்டத்துள் அமைந்த 'ஆர்' குறியும் இணைந்து மீண்டும் மீண்டும் வருமாயின், பக்கம் ஒருங்குறியிலேயே உள்ளது. யூடிஎஃப்-8 முறையில் மும்மூன்று பைட்டுகளாக எழுதப்பட்ட தமிழை உலாவி ஐரோப்பியக் குறியேற்றமாக வாசிக்கின்றது. பக்கத்தின் தலைப்பகுதியிற் சரியான குறியேற்றப் பெயரை அறிவித்தால் அது சீராகும். வெறும் கட்டங்கள் தோன்றின் தமிழ் எழுத்துரு இல்லை என்பதே பொருள். கொம்பும் காலும் எழுத்தைவிட்டு விலகிப் புள்ளிவட்டத்துடன் நின்றால், எழுத்துகளைக் கோத்துக்காட்டும் மென்பொருட் பகுதி இயங்கவில்லை எனலாம். வின்டோஸ் எக்ஸ்பி கணினிகளில் அப்பகுதியைப் பயனாளரே முடுக்கிவிட வேண்டியிருந்தது.

மாற்றியை இயக்கியவுடன் பணி முடிந்துவிடுவதில்லை. பாமினி கண்ணுக்குத் தெரியும் ஒழுங்கைப் பின்பற்றியது. 'நொ' என்பதில் கொம்பு முதலிலும், நகரம் அடுத்தும், கால் இறுதியிலும் அமையும். ஒருங்குறியோ நகரத்தை முன்வைத்து உயிர்க்குறியைப் பின்வைக்கும். 'மன்னார்' என்பதன் ஈற்றில், ரகரத்துக்குரிய விசையை விட்டுக் காலுக்குரிய விசையை அழுத்திப் புள்ளியிட்டோர் பலர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. காலுக்கும் ரகரத்துக்கும் வேறுபாடின்றி எழுதப்பட்ட ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பித்தோர் எதிர்நோக்கிய அதே சிக்கல் இங்கு மீண்டும் தலைகாட்டுகிறது. இடையிடையே உண்மையாகவே ஆங்கிலத்தில் எழுதப்பட்ட சொற்களையும் மாற்றி தமிழென மயங்கிப் பொருளற்ற கோவைகளாக்கிவிடும். எனவே மனிதக் கண்ணால் ஒப்புநோக்குதல் இன்றியமையாதது.

வன்னியைப் பொறுத்தவரை இது வெறும் தொழில்நுட்ப வினா அன்று. 1995 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்திலிருந்து பெயர்ந்த மக்களுட் பெருந்தொகையினர் வன்னிக்கு வந்தனர். 2002இல் ஏ-9 வீதி திறக்கப்பட்டது. 2009 ஜனவரியிற் கிளிநொச்சி இராணுவத்தின் வசமாயிற்று. அவ்வாண்டு மே மாதத்தில் முள்ளிவாய்க்காலிற் போர் முடிந்தபோது, எஞ்சிய மக்கள் செட்டிகுளத்து முகாம்களை வந்தடைந்தனர். மீண்டும் மீண்டும் பெயர்ந்தவர்கள் காணி உறுதிகளையும், பிறப்புச் சான்றிதழ்களையும், புகைப்படங்களையும், நூல்களையும் வழியில் இழந்தனர். இந்நிலையில் கடல்கடந்த வழங்கிகளிற் பதிவான செய்திகளும் மரண அறிவித்தல்களும் ஊர்க் குறிப்புகளும் கடதாசிச் சான்றின் இடத்தை ஓரளவேனும் நிரப்ப வல்லன. அவை பாமினியில் உள்ளவரை, இன்று ஒருவர் தம் ஊரின் பெயரையோ உறவினரின் பெயரையோ தமிழில் இட்டுத் தேடினால் தேடுபொறி அவற்றைக் காண்பதில்லை. பக்கம் அழியாதிருந்தும் அதிலுள்ள மனிதர் அகப்படாது போகின்றனர். அதிகாரத்தில் இருப்போரின் ஆவணங்கள் பல பிரதிகளாகக் காக்கப்படுகின்றன. எளிய மக்களின் பதிவோ பலவேளைகளில் ஒரேயொரு பிரதியாக, அதுவும் வாசிக்கமுடியாத நிலையில் நிற்கிறது.

இப்பணிக்கு முன்னோடிகள் உளர். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தகுதரத்தில் உருவாக்கிய மின்னூல்களைப் பின்னர் ஒருங்குறிக்கு மாற்றியது. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து வெளியீடுகளை எண்ணிமப்படுத்தி வருகின்றது. 2021இற் பல்கலைக்கழகமாகத் தரமுயர்ந்த வவுனியாவிலும், கிளிநொச்சி அறிவியல்நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பீடங்களிலும் கணினி கற்கும் மாணவர் உளர்; வன்னியின் இடப்பெயர்களையும் குடும்பப் பெயர்களையும் அறிந்தோர் அவர்களின் வீடுகளிலேயே உளர். இவ்விரு அறிவும் இணைதல் வேண்டும். மூலப் பக்கத்தை ஓர் எழுத்தும் மாற்றாது பேணுக. எவ்வெழுத்துருவில் இருந்தது, எம்மாற்றியால் மாற்றப்பட்டது என்பவற்றைக் குறித்து வைக்க. மாற்றிய பாடத்தை ஊரறிந்த ஒருவரிடம் வாசித்துக் காட்டுக. சாசனவியலாரும் சுவடிப் பதிப்பாசிரியரும் நெடுங்காலமாகப் பின்பற்றிவரும் நெறியும் இதுவே. பாறையும் ஏடும் பெற்ற அக்கவனத்தை, நம் கண்முன் சிதைந்து நிற்கும் இப்பக்கங்களும் பெறவேண்டும் என்பதே எமது துணிபாகும்.