தூங்கும் துறவிக்கு இடமில்லையா?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடியவர்களுக்கு 'மாங்க்' என்கிற துறவிப் பாத்திரம் தெரிந்திருக்கும். ஆடாதவர்களுக்காகச் சுருக்கமாக: மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாகக் கதை பேசி ஆடும் விளையாட்டு இது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரு அமெரிக்கர்கள் உருவாக்கியது, 1974-இல் வெளிவந்தது. வீரன், மந்திரவாதி என்று பாத்திர வகைகள் உண்டு, இன்றைய பதிப்பில் ஒவ்வொரு வகைக்கும் உட்பிரிவுகளும் உண்டு. ரசிகர்கள் தாங்களாகவே உட்பிரிவுகள் எழுதிச் சேர்த்துக் கொள்வார்கள். தூக்கத்தையும் தியானத்தையும் மட்டுமே பலமாகக் கொண்ட துறவி அப்படிப்பட்ட ஒரு யோசனை.

இதில் புதிதாக என்ன இருக்கிறது, துறவி என்றாலே தியானம்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இந்தத் துறவி பிறந்த கதை வேறு.

1975-இல் 'பிளாக்மூர்' என்ற இணைப்பு நூலில்தான் துறவி முதலில் வருகிறார். அமெரிக்காவில் குங்ஃபூ படங்கள் பட்டையைக் கிளப்பிக்கொண்டிருந்த சமயம் அது. பிரையன் புளூம் என்பவரும் 'தி டெஸ்ட்ராயர்' என்ற அடிதடி நாவல் வரிசையும்தான் துறவிக்குத் தூண்டுதல் என்று கைகாக்ஸே பிற்பாடு எழுதியிருக்கிறார். அந்த நாவலின் நாயகன் கொரியக் குரு ஒருவரிடம் கொலைக்கலை கற்ற அமெரிக்கன். ஆக, மடாலயத்திலிருந்து வந்த துறவி இல்லை, ரயில்வே ஸ்டேஷன் புத்தகக் கடையிலிருந்து வந்தவர் :-)

அதன் பிறகும் கை ஓங்கியே இருந்தது. 2014 பதிப்பில் துறவி தன் சக்தியைத் திரும்பப் பெற, ஓய்வு நேரத்தில் அரை மணியாவது தியானம் செய்ய வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. 2024 பதிப்பில் அதையும் எடுத்துவிட்டார்கள். இன்னொரு வேடிக்கை, தூக்கத்துக்குப் பதிலாக நாலு மணி நேரம் தியானத்தில் ஆழும் வரம் 2000-ஆம் ஆண்டுப் பதிப்பில் கிடைத்தது எல்ஃப் இனத்துக்கு, துறவிக்கு அல்ல! 2016 டிசம்பரில் அமைதியையும் குணப்படுத்துதலையும் மையமாக வைத்த ஒரு துறவி உட்பிரிவைச் சோதனைக்கு விட்டார்கள். அடுத்த ஆண்டு வந்த புத்தகத்தில் அது இல்லை. குடிகாரன் போலத் தள்ளாடிச் சண்டை போடும் துறவி இருந்தார். எனக்கு இது கொஞ்சம் வருத்தமாகவே இருக்கிறது. பல நூறு ஆண்டு அகப்பயிற்சியில் முஷ்டியை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிட்டார்கள்.

சரி, உண்மையான துறவிகளுக்கும் தூக்கத்துக்கும் என்ன உறவு? பெரும்பாலும் பகைதான். மனம் சோர்ந்து தூங்கி வழிவதை பௌத்தம் தியானத்தின் ஐந்து தடைகளில் ஒன்றாக வைக்கிறது. ஜப்பானிய ஜென் மடங்களில் தியானத்தின்போது கண் சொக்குபவரின் தோளில் தட்ட 'கியோசாகு' என்று ஒரு தட்டையான கோலே இருக்கிறது. '7ஆம் அறிவு' (2011) படத்தால் நமக்கெல்லாம் அறிமுகமான போதிதர்மரைப் பற்றியும் ஒரு கதை உண்டு. சுவரைப் பார்த்து ஒன்பது ஆண்டுகள் தியானம் செய்தவர், நடுவில் தூங்கிவிட்ட கோபத்தில் தன் இமைகளையே அறுத்து எறிந்தாராம், விழுந்த இடத்தில் தேயிலைச் செடி முளைத்ததாம். கதைதான், வரலாறு அல்ல. அவர் ஷாவோலின் துறவிகளுக்குச் சண்டை சொல்லிக் கொடுத்தார் என்பதும் அதே ரகம், மிகப் பிற்காலத்தில் சேர்ந்தது.

புத்தர் இவ்வளவு கடுமையாக இல்லை. தியானத்தில் தூங்கி வழிந்த சீடர் மொக்கல்லானருக்கு அவர் சொன்ன வழிகள் பாலி நூல்களில் இருக்கின்றன. காதைப் பிடித்து இழு, கண்ணைத் தண்ணீரில் கழுவு, நட்சத்திரங்களைப் பார், எழுந்து நட. எதுவுமே பலிக்கவில்லையா? எழும் நேரத்தை மனதில் வைத்து, வலப்பக்கமாகச் சிங்கம் போலப் படுத்துத் தூங்கு. தேர்வுக்கு முந்தைய இரவுகளில் நாம் செய்வதும் ஏறக்குறைய இதுதானே!

தூக்கத்தையே பயிற்சியாக்கியவர்கள் திபெத்தியர்கள். 11-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த நாரோபாவின் பெயரால் வழங்கும் ஆறு பயிற்சிகளில் ஒன்று கனவு யோகம். இது கனவு என்று கனவுக்குள்ளேயே உணர்வது, பிறகு அந்தக் கனவை மாற்றிப் பார்ப்பது. கனவு பொய் என்று கண்டவனுக்கு விழிப்பும் அவ்வளவு கெட்டியானதில்லை என்று புரியும் என்பது அவர்கள் கணக்கு.

தூங்கும் துறவியை எழுத நினைப்பவர் ஷாவோலினை விட்டுவிட்டு இங்கேதான் வர வேண்டும். இப்போதைய விதிப்படி தூங்குபவர் நினைவிழந்தவர், பக்கத்தில் நின்று அடித்தால் பட்ட அடி பலத்த அடி. இந்தத் துறவிக்கு மாற்ற வேண்டிய முதல் விதி அதுதான், உடல் உறங்கினாலும் நினைவு உறங்கக் கூடாது. பெயருக்கும் அலைய வேண்டாம். அரங்கநாதர் பள்ளிகொண்டிருப்பதைச் சொல்ல நம்மிடம் எப்போதோ ஒரு சொல் வந்துவிட்டது: அறிதுயில்.