ஜொகூர் லாமா: ஆற்றங்கரையில் ஒரு பழைய தலைநகர்



ஜொகூர் பாருவை அறியாதவர் நம்மில் எவரும் இலர். 'பாரு' என்னும் மலாய்ச் சொல்லுக்குப் புதியது என்பது பொருள். புதிய ஜொகூர் ஒன்று இருக்குமாயின் பழைய ஜொகூர் ஒன்றும் எங்கேனும் இருக்க வேண்டுமல்லவா? இருக்கத்தான் செய்கிறது. கோத்தா திங்கியிலிருந்து தெலுக் செங்காட் செல்லும் பக்கமாகப் போய், ஜொகூர் ஆற்றின் கீழ்க்கரையை அடைந்தால் ஜொகூர் லாமா என்ற சிறு கம்பத்தைக் காணலாம். சில வீடுகள், தென்னை மரங்கள், ஒரு சிறு அரும்பொருளகம், புல் மூடிய ஒரு நீண்ட மண்மேடு, இவ்வளவுதான். அந்த மண்மேடு ஒரு காலத்தில் ஒரு பேரரசின் தலைநகர்க் கோட்டையாக இருந்தது.

முதலில் நில அமைப்பைப் பார்ப்போம். குனுங் கெமுருவில் தோன்றும் ஜொகூர் ஆறு, ஏறத்தாழ 120 கிலோமீட்டர் ஓடி, ஜொகூர் நீரிணையின் கிழக்குப் பகுதியில் கலக்கிறது. கடலை நெருங்க நெருங்க ஆறு மிக அகன்று விடுகிறது. கடல் ஏற்றவற்றத்திற்கு ஏற்ப அதன் நீரும் ஏறி இறங்கும். இரு கரைகளிலும் பெரும்பாலும் சேறு, கண்டல் காடு, நீப்பாப் புதர். கப்பலிலிருந்து ஒருவன் காலூன்றி இறங்குவதற்கு உறுதியான இடம் எளிதில் கிடைக்காது. அத்தகைய கரையில் ஓரிடத்தில் மட்டும் பாறை நிலம் ஆற்றை நோக்கி மூக்குப் போல நீண்டு நிற்கிறது. அதுவே தஞ்சோங் பத்து, அதாவது கல்முனை. கடலிலிருந்து மேலே வரும் எந்தக் கப்பலும் அந்த முனையின் பார்வைக்குத் தப்ப முடியாது. பீரங்கி வைப்பதற்கு இதைவிட நல்ல இடம் வேண்டுமா? முதுகுப் புறத்திலோ அடர்ந்த காடு. தோற்றால் ஆற்றின் மேற்பகுதிக்கு நழுவி விடலாம்.

இந்த இடத்தைத் தேடி வந்தவர்கள் மலாக்காவை இழந்தவர்கள். 1511ஆம் ஆண்டில் போர்த்துகீசியர் மலாக்காவைக் கைப்பற்றினர். சுல்தான் மஹ்மூது பிந்தான் தீவுக்குச் சென்றார். 1526இல் அதுவும் எரிக்கப்பட்டது. அவருடைய மைந்தர் சுல்தான் அலாவுதீன் ரியாயத் ஷா, ஜொகூர் ஆற்றின் மேற்பகுதியில் பெக்கான் துவா என்னுமிடத்தில் குடியமர்ந்தார். 1535இல் வாஸ்கோ ட காமாவின் மகன் எஸ்தெவாவோ ட காமா படையுடன் ஆற்றில் ஏறி வந்து அங்கும் தாக்கினார். அதன் பின்னர், ஏறத்தாழ 1540ஆம் ஆண்டளவில், தலைநகர் ஜொகூர் லாமாவுக்கு வந்தது. 1564இல் சுமத்திராவின் ஆச்சே அரசு படையெடுத்து, ஊரை அழித்துச் சுல்தானையும் சிறைபிடித்துச் சென்றது. சில ஆண்டுகள் தலைநகர் செலுயுட் என்ற இடத்தில் இருந்து, பிறகு மீண்டும் கல்முனைக்கே திரும்பியது.

அழிக்கப்பட்ட ஊருக்கே ஏன் திரும்ப வேண்டும்? வாணிகந்தான் காரணம். சுமத்திராவின் மிளகு, உள்நாட்டுக் காடுகளின் அகில், கற்பூரம், பிரம்பு, தேன்மெழுகு ஆகியவை இங்கே வந்து குவிந்தன. சீனத்துப் பீங்கானும் சோழமண்டலக் கரையின் துணியும் அவற்றுக்கு ஈடாக வந்தன. மலாக்காவில் போர்த்துகீசியர் விதித்த வரிக்கு அஞ்சிய வணிகர்கள் இங்கே வந்தார்கள். மலாக்காவின் வருவாய் ஜொகூருக்கு ஒழுகிற்று என்று சொன்னால் மிகையன்று.

ஆகவே மோதல் தவிர்க்க முடியாததாயிற்று. சுல்தான் அலி ஜாலா அப்துல் ஜலீல் ஷாவின் படகுகள் மலாக்காவுக்குச் செல்லும் கப்பல்களை மறித்தன. மலாக்கா நகரம் தன் அரிசியை வெளியிலிருந்து தருவித்து உண்ட ஊர். வழி அடைபட்டதும் பசி வந்தது. கோவாவிலிருந்து தோம் பவுலோ ட லிமா பெரேரா தலைமையில் ஒரு பெரும் கப்பற்படை அனுப்பப்பட்டது. 1587ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அப்படை ஆற்றில் ஏறி ஜொகூர் லாமாவை முற்றுகையிட்டது. மண்கரையும் மரவேலியும் பீரங்கிகளும் கொண்ட கோட்டை கடுமையாக எதிர்த்தது. இறுதியில் போர்த்துகீசியர் உள்ளே புகுந்தனர். மரமும் ஓலையும் கொண்ட நகரம் எரிந்தது. நூற்றுக்கணக்கான பீரங்கிகளைக் கைப்பற்றியதாகவும் சிறிதும் பெரிதுமாக இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கலங்களை அழித்ததாகவும் போர்த்துகீசிய ஆசிரியர்கள் எழுதி வைத்துள்ளனர். வென்றவன் எழுதிய கணக்கு இது. எண்ணிக்கையைச் சற்றுக் குறைத்தே கொள்ளலாம். ஆனால் படகு மிகுதி என்பதில் ஐயமில்லை. அந்தப் படகுகளில் பலவும் ஓராங் லாவுட் என்ற கடல்வாழ் மக்களுக்குரியவை. வீடும் தொழிலும் படகே என வாழ்ந்தவர்களுக்கு அந்த ஆகஸ்டு மாதம் என்னவாக இருந்திருக்கும் என்பதை எந்த ஏடும் எழுதவில்லை.

வென்றவர்கள் அங்கே தங்கவில்லை. எரித்து விட்டுத் திரும்பினர். சுல்தானும் அழியவில்லை, ஆற்றின் மேலே பத்து சாவாரில் புதிய தலைநகர் எழுந்தது. இதை நாம் கருத வேண்டும். தஞ்சைக் கோயிலைப் போன்ற கற்பணியை வைத்து அரசின் பெருமையை அளப்பது நம் வழக்கம். மலாய் அரசின் செல்வமோ மக்களும் படகுகளும் வணிகத் தொடர்புமே. அவை நகர்ந்தால் தலைநகரும் நகரும். எரிந்த தலைநகருக்காக இந்த அரசு முடிந்து விடவில்லை. 1603இல் சாந்தா காத்தரீனா என்ற போர்த்துகீசியப் பெருங்கப்பலை, ஜொகூர் ஆற்றின் முகத்துவாரத்தருகே டச்சுக்காரர் ஜொகூரின் துணையுடன் பிடித்தனர். அது நேர்மையான செயலா என்ற வழக்கிலிருந்து பிறந்ததே ஹூகோ குரோத்தியுஸ் 1609இல் வெளியிட்ட, கடல் எல்லார்க்கும் பொது என வாதிடும் நூல். இன்றைய பன்னாட்டுக் கடற்சட்டத்தின் வேர்களில் ஒன்று நம் ஆற்று வாயிலில் இருக்கிறது.

கைவிடப்பட்ட ஊரைக் காடு மூடிற்று. 1930களில் ஜொகூரில் ஆங்கில அதிகாரியாகப் பணியாற்றிய ஜெரால்டு கார்டனர் இங்கும் ஆற்றங்கரையின் பிற இடங்களிலும் மணிகள், பீங்கான் ஓடுகள் முதலியவற்றைத் தேடி எடுத்தார். (இவரே பிற்காலத்தில் இங்கிலாந்தில் சூனிய சமயம் ஒன்றைப் பரப்பிப் புகழ்பெற்றவர்!) 1953இலும் 1960இலும் முறையான அகழாய்வுகள் நடந்தன, கோட்டை மேடு சீரமைக்கப்பட்டது. மிங் காலத்து நீலவெள்ளைப் பீங்கான் துண்டுகள் போர்த்துகீசிய ஏடுகளின் காலக்கணக்கை மண்ணிலிருந்தே உறுதி செய்தன.

இனி, தமிழ் நேயர்கள் கேட்கக்கூடிய கேள்விக்கு வருவோம்: இங்கே நமக்கு என்ன தொடர்பு? உடனே பலர் சோழரைச் சொல்வார்கள். செஜாரா மெலாயு என்னும் மலாய் வரலாற்று நூலில், தென்னாட்டு மாமன்னன் ஒருவன் கடல் கடந்து வந்து, ஜொகூர் ஆற்றின் மேற்பகுதியில் கருங்கற்கோட்டை கொண்ட கெலாங்குயி நகரை வென்ற கதை உண்டு. இராசேந்திர சோழனின் 1025ஆம் ஆண்டுப் படையெடுப்பின் நினைவு இக்கதையில் கலந்திருக்கலாம் என்பர். கலந்திருக்கலாம், அவ்வளவே சொல்லலாம். கெலாங்குயியை எவரும் இதுவரை கண்டுபிடிக்கவில்லை. 2005இல் செய்தித்தாள்களில் பெரும் பரபரப்பு எழுந்தது. காட்டிலிருந்து உறுதியான சான்று ஒன்றும் வரவில்லை. கதையை வரலாறாக்கிக் கொண்டு மார்தட்டுவதால் நமக்கு ஆவது ஒன்றுமில்லை.

உறுதியான தொடர்பு வேறு இடத்தில் இருக்கிறது. சோழமண்டலத் துணிகளை விரும்பி வாங்கிய சந்தை இது. அதற்கும் மேலாக, செஜாரா மெலாயுவைத் தொகுத்தளித்த பெந்தாஹாரா துன் ஸ்ரீ லானாங்கின் வமிசவழியைக் கவனியுங்கள். 1612இல் ஜொகூரில் அந்நூலுக்குரிய பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டதாக முன்னுரை கூறுகிறது. அதே முன்னுரை அவருடைய முன்னோரையும் வரிசையாகச் சொல்கிறது: மலாக்காவின் பெந்தாஹாராக்களைக் கடந்து, துன் அலியைக் கடந்து, பாகிண்டா மணி புரிந்தான் என்பவரிடம் போய் நிற்கிறது. அவர் தென்னிந்தியாவிலிருந்து மலாக்காவுக்கு வந்தவர் என்று நூலே சொல்கிறது. வாளோடு வந்த மன்னரல்லர். வந்த இடத்தில் மணம் புரிந்து, அங்கேயே வேர் விட்டவர். அவர் வழியில் வந்தவரே மலாய் மொழியின் தலைசிறந்த வரலாற்று நூலைத் தந்தார். தம்மை மலாய் இனத்தவர் என்றே அதில் எழுதிக் கொண்டார்.

1613இல் ஆச்சே மன்னர் இஸ்கந்தர் மூடா பத்து சாவாரைத் தாக்கிய போது, சுல்தானோடு துன் ஸ்ரீ லானாங்கும் சிறைபிடிக்கப்பட்டார். பின்னர் ஆச்சேயின் சமலாங்கா பகுதிக்குத் தலைவராகி, அங்கேயே வாழ்ந்து மறைந்தார். அவர் பிறந்து வளர்ந்த ஆற்றுக்கு மீண்டும் வரவில்லை. அவருடைய நூல் மட்டும் படியெடுத்தவர் கைகளில் தீவுக்குத் தீவு பயணம் செய்து நம்மிடம் வந்து சேர்ந்தது.