சுருள்வில் தராசும் நெசவாளரின் நூற்கணக்கும்

இருதட்டுத் தராசு எடைக்கல்லோடு பொருளை ஒப்பிடுகிறது. சுருள்வில் தராசோ பொருளின் மீதான புவியீர்ப்பு விசையை அளக்கிறது. விசைக்கேற்ப வில் நீளும் என்ற விதியை இராபர்ட் ஹூக் 1678இல் வெளியிட்டார். நிலநடுக்கோட்டருகே ஈர்ப்பு குறைவதை, 1672இல் கயேனுக்குச் சென்ற ழான் ரிஷேயின் ஊசல் கடிகாரம் அதற்கு முன்பே காட்டியிருந்தது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் பில்ஸ்டனில் சால்ட்டர் குடும்பத்தார் இத்தராசைச் செய்து விற்கத் தொடங்கினர்.

அங்கே அளவு குறிக்கப்பட்ட தராசு, 9 பாகை வடக்கிலுள்ள நெசவூரான கடையநல்லூரில் ஆயிரத்துக்கு ஏறத்தாழ மூன்று பங்கு குறைத்தே காட்டும். இது அற்பமன்று. 40ஆம் எண் நூலில் இராத்தலுக்கு 40 சிட்டம். பத்து இராத்தல் கட்டுக்கு 400. அதில் குறைவது ஒரு சிட்டத்துக்கும் மேல், அதாவது 840 கெஜத்துக்கும் கூடுதலான நூல். நூலைக் கொடுக்கும்போதும் துணியை வாங்கும்போதும் ஒரே தராசில் நிறுத்தால் பிழை ஈடாகிவிடும். (பாவுக்கு ஏற்றிய கஞ்சியின் எடை வேறு கணக்கு.) இருதட்டில் நிறுத்துக் கொடுத்துச் சுருள்வில்லில் நிறுத்து வாங்கினால், எடுக்காத நூலுக்கு நெசவாளர் பதில் சொல்ல நேரும். உள்ளூரிலேயே எடைக்கல் தொங்கவிட்டு அளவுக்குறிகளைத் திருத்திக்கொண்டால் இப்பிழை நீங்கும். ஆனால் நாள்பட வில் தளர்ந்தால் தராசு கூட்டிக் காட்டும். அப்போது நட்டம் துணி வாங்குபவருக்கு.