கெடு தவறிய ஈடு: 1870 தீர்ப்பும் நாட்றம்பள்ளி நிலங்களும்

அடமானக் கடனைக் கட்ட முடியாமல் நிலத்தை விட்டுப் போகிறவருக்கு என்ன நேரும்? பட்டாபிராமையர் வழக்கில் அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் 1870இல் சொன்ன விடை: கெடுவுக்குள் பணம் வராவிட்டால் கிரயமாகும் என்று எழுதிய பத்திரம் எழுதியபடியே செல்லும், கெடு கடந்தும் பணம் கட்டி நிலத்தைத் திரும்பப் பெறும் மீட்புரிமை இந்நாட்டின் பழைய சட்டம் அறியாதது. 1858 முதல் மீட்புரிமை வழங்கிவந்த சென்னை சதர் நீதிமன்றத்தின் போக்கும் தவறென்றது. அன்று சேலம் மாவட்டத்துத் திருப்பத்தூர் வட்டத்தில் இருந்த நாட்றம்பள்ளிக்கும் இதுவே சட்டம். பழைய சட்டத்தைக் கவுன்சில் இப்படி வாசித்ததை நான் மறுக்கிறேன்.

யாக்ஞவல்கிய ஸ்மிருதியில் ஈட்டைப் பற்றிய ஒரு சுலோகம் (2.58) மூன்று நிலைகளைப் பிரிக்கிறது. கடன் இரட்டித்தும் மீட்காத ஈடு போய்விடும்; கெடு வைத்த ஈடு கெடுவோடு போகும்; விளைச்சலை அனுபவிக்கக் கொடுத்த ஈடு ஒருநாளும் போகாது. முதலிரண்டும் கவுன்சிலுக்குச் சாதகமானவை, மறைக்க வேண்டியதில்லை. மூன்றாவது நேர் எதிர். மேலும், அந்த ஸ்மிருதியின் உரையான மிதாக்ஷரம் இங்கே பிருகஸ்பதியின் விதியைச் சேர்த்துப் படிக்கிறது: கெடு முடிந்த பின்னும் கடன் கொடுத்தவர் இரண்டு வாரம் பொறுக்க வேண்டும். அதற்குள் மீட்க இடமில்லையென்றால் அந்தக் காத்திருப்பு எதற்கு? ஸ்மிருதியின் காலம் இன்னும் அறுதியாகவில்லை. நாட்றம்பள்ளி, வாணியம்பாடிப் பக்கத்து ஊர்களில் வழக்கம் இப்படியே இருந்தது என்று நிறுவ ஒரு சுலோகம் போதவும் போதாது. ஆனால் பழைய சட்டம் மீட்பையே அறியாது என்ற கூற்றை உடைக்க இது போதும் என்றே வாதிடுவேன்.

ஒன்றை மட்டும் கவுன்சிலின் பக்கம் ஒப்புக்கொள்ள வேண்டும்: அந்தப் பத்திரத்தில் நிலம் போனால் கடனும் தீர்ந்தது. 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டம் மீட்புரிமையை உறுதிசெய்தது. ஆனால் நிலத்தைக் கையில் கொடுக்காமல் ஈடாக மட்டும் வைக்கும் சாதா அடமானத்தில் கடன் வாங்கியவர் தாமே பொறுப்பேற்கிறார். ஏலத்தொகை கடனுக்குக் குறைந்தால், மிச்சத்துக்கு அவருடைய மற்றச் சொத்தின் மீதும் தீர்ப்பு வாங்கலாம் (உரிமையியல் நடைமுறைச் சட்டம், கட்டளை 34, விதி 6). விட்டுப் போனாலும் கடன் விடுவதில்லை.

1929 திருத்தம் இன்னொரு வாசலை அடைத்தது. திருப்பித் தரும் நிபந்தனை கிரயப் பத்திரத்துக்குள்ளேயே இல்லாவிட்டால் அது அடமானமே அல்ல. 1954இல் சுஞ்சுன் ஜா வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. கைமாற்றுக் கடனுக்குக் கிரயம் எழுதிக்கொடுத்து, மறுகிரய ஒப்பந்தத்தைத் தனித்தாளில் வாங்கிவைப்பவர் அடமானக்காரரின் மீட்புரிமையை அப்போதே இழக்கிறார். இந்த வரியால் நேர்ந்த இழப்பு 1870 தீர்ப்பால் நேர்ந்ததைவிடப் பெரிது என்பது என் எண்ணம்.

ஸ்மிருதி சொன்ன மூன்றாவது நிலைக்கு, அதாவது அனுபவிக்கக் கொடுத்த ஈட்டுக்கு, 1948இல் மறுவாழ்வு கிடைத்தது. 1938ஆம் ஆண்டு சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தில் அன்று சேர்த்த 9அ பிரிவின்படி, கடன் கொடுத்தவர் 30 ஆண்டு அனுபவித்த விவசாயியின் நிலத்தில் கடன் முழுதும் தீர்ந்ததாகும், விலக்குகள் உண்டு. அது ஸ்மிருதியிலிருந்து வந்தது என்று சொல்ல நான் துணியவில்லை.

வங்கிக் கடனுக்கு இன்று, நீதிமன்றம் போகாமலே ஈட்டை விற்க வங்கிக்கு வழிசெய்யும் 2002ஆம் ஆண்டு சர்ஃபாசி சட்டம் உண்டு. விவசாய நிலம் அதற்குள் வராது, வீடு வரும். 60 நாள் நோட்டீஸ் வந்தபின் வங்கியின் எழுத்துச் சம்மதமின்றி வீட்டை விற்க முடியாது. 2016 திருத்தத்துக்குப் பின் ஏல அறிவிப்பு வெளியாகும்வரைதான் மீட்கலாம். ஆகவே தானே விற்று அடைப்பதானாலும், ஒரே தவணைத் தீர்வு கேட்பதானாலும், நோட்டீஸுக்கு முன்பே வங்கியிடம் போனால்தான் கடன் வாங்கியவரின் பேச்சுக்கு அங்கே எடை இருக்கும்.