பிரதமருக்குத் தந்த மருந்து

ஒல்லாந்தரிடமிருந்து கொழும்பைப் பிரித்தானியர் கைப்பற்றிய 1796 இல் அங்கே பிரதமராக இருந்தவர் இளைய வில்லியம் பிட். அவரது அரசியலை விட அவரது மதுக்கிண்ணமே என்னை அதிகம் சிந்திக்க வைத்ததுண்டு. தந்தையைப் போலவே அவரையும் 'கவுட்' என்னும் மூட்டழற்சி வாட்டியது. நோயுற்ற சிறுவன் பிட்டுக்குக் குடும்ப மருத்துவர் அந்தனி அடிங்டன் விதித்த மருந்து என்ன தெரியுமா? நாள்தோறும் போர்ட் வைன்! அக்காலத்தில் அதனை எவரும் விந்தையாகக் கருதவில்லை. பிட் இறுதிவரை அப்பழக்கத்தை விடவில்லை. 1806 இல், 46 வயதில் மறைந்தார்.

கவுட் நோயாளரின் குருதியில் யூரிக் அமிலம் மிகுந்திருப்பதை அல்பிரட் கரோட் நிறுவியது 1848 இல். மது அவ்வமிலத்தைப் பெருக்கும். சிறுநீரகம் அதனை வெளியேற்றுவதையும் தடுக்கும். மருந்தென்று பிட்டுக்கு ஊற்றிக் கொடுத்தது நோய்க்கான எரிபொருளையே.