அளந்து காட்டுக என்ற மக்கள்

குனோங் ராபாட்டின் சுண்ணாம்புக் குன்றுகளுக்கு அருகே நின்று மேற்கே நோக்கினால், ஈப்போ நகருக்கு அப்பால் கிளேடாங் மலைத்தொடர் நீலமாய்த் தெரியும். அம்மலைத்தொடரில், மண்ணுக்கடியில், கதிரியக்கக் கழிவு புதைக்கப்பட்டிருக்கிறது. அது அங்குச் சென்ற வரலாறு, கிந்தா பள்ளத்தாக்கு மக்களின் பொறுமைக்கும் ஆட்சியாளரின் அறிவியல் நோக்குக்கும் நேர்ந்த சோதனையின் வரலாறாகும்.

ஈயத்தால் வாழ்ந்த பூமி இது. ஈய மணலை அலசி எடுத்தபின் எஞ்சும் கனிமக் கலவையை இங்குள்ளோர் ‘அமாங்’ என்பர். அதில் கலந்துள்ள மோனசைட் என்னும் கனிமம் தமிழருக்குப் புதியதன்று. குமரிக் கடற்கரையின் மணவாளக்குறிச்சி மணலிலும் அஃது உண்டு. அதிலிருந்து பிரித்தெடுத்த தோரியமே முற்காலத்துக் காஸ் விளக்கின் மேண்டிலை ஒளிரச் செய்தது. தோட்டத்துத் திருமணப் பந்தலில் அவ்வொளியைக் கண்டு மகிழ்ந்த நம் முன்னோர், அதே தோரியம் ஒருநாள் தம் பேரப்பிள்ளைகளின் அச்சமாகும் என எண்ணியிருக்க மாட்டார்கள்.

1979-இல் ஏசியன் ரேர் எர்த் என்னும் கூட்டு நிறுவனம் தோன்றியது. ஜப்பானின் மிட்சுபிஷி குழுமத்தைச் சேர்ந்த நிறுவனமும் உள்நாட்டுப் பங்குதாரர்களும் அதில் இணைந்திருந்தனர். 1982-இல் புக்கிட் மேராவில், மக்கள் குடியிருப்பை ஒட்டியே, அதன் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. மோனசைட்டிலிருந்து அரிய மண் தனிமங்களைப் பிரித்தபின் தோரியக் கழிவு எஞ்சியது. தோரியத்தின் கதிரியக்கம் பாதியாகக் குறைய ஏறத்தாழ 1,400 கோடி ஆண்டுகள் ஆகும். மனித அரசு எதுவும் அத்துணைக் காலம் காவல் நிற்க இயலாது. ஆதலின் கழிவை எங்கு, எவ்வாறு வைப்பது என்பதே முதன்மையான கேள்வியாயிற்று.

முதலில் பாரிட் பகுதியில் கழிவுக் கிடங்கு அமைக்க முனைந்தபோது அவ்வூரார் எதிர்த்தனர். பின்னர்ப் பாப்பானில் குழிகள் வெட்டப்பட்டன. 1984 மே மாதம் பாப்பானையும் சுற்று வட்டாரத்தையும் சேர்ந்த 6,700 பேர் கையொப்பமிட்டுப் பிரதமருக்கு முறையீடு அனுப்பினர். சாலையை மறித்தனர். சூலைத் தொடக்கத்தில் பெண்களும் சிறுவரும் உட்பட ஏறத்தாழ 3,000 பேர் கூடி எதிர்ப்புத் தெரிவித்தனர். அரசின் விடை யாது? முன்னெச்சரிக்கைகள் யாவும் எடுக்கப்பட்டுள்ளன, ஆகவே பணி தொடரும் என்பதே பிரதமர் மகாதீரின் விடையாக இருந்தது.

இங்குதான் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். எதிர்த்தவர்களுள் பெரும்பாலோர் சுரங்கத்திலும் சந்தையிலும் உழைத்துப் பிழைத்த எளியோர்; ஆய்வுக்கூடத்தை அறியாதவர். ஆயினும், “பாதுகாப்பானது என்று சொல்வது போதாது, அளந்து காட்டுங்கள்” என்பதே அவர்கள் கோரிக்கையின் சாரம். அறிவியலின் அடிப்படையும் அதுவன்றோ? அறிவியலின் பெயரை உரைத்தவர் ஆட்சியாளர். அதன் முறையைக் கேட்டவர் மக்கள்.

1984 செப்டம்பரில், அரசின் அழைப்பை ஏற்று, அனைத்துலக அணுசக்தி முகமையின் மூவர் குழு வந்தது. பாப்பான் குழிகள் பாதுகாப்பற்றவை என்று அக்குழு கண்டது. ஊரார் ஐயுற்றது உண்மையாயிற்று. அவ்வாண்டின் இறுதியில் வந்த ஜப்பானிய அறிஞர் சடாவ் இச்சிகாவா, தொழிற்சாலைச் சுற்றுப்புறத்தில் மிகுந்த கதிர்வீச்சை அளந்து காட்டினார். 1985 சனவரியில் பாப்பான் திட்டம் கைவிடப்பட்டுக் கிளேடாங் மலைத்தொடர் தேர்ந்தெடுக்கப்பட்டது. வல்லுநரை அழைத்ததும் முடிவை மாற்றியதும் பாராட்டுக்குரியனவே. ஆனால் அழைப்பு எப்போது சென்றது? மக்கள் தெருவுக்கு வந்த பின்னரே!

1985 பிப்ரவரியில் புக்கிட் மேரா மக்கள் எண்மர் ஈப்போ உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். அவ்வாண்டு அக்டோபரில் ஆலைக்கு இடைக்காலத் தடை கிடைத்தது. எனினும் 1987-இல் அணுசக்தி உரிமம் வழங்கும் வாரியம் ஆலைக்கு உரிமம் அளித்தது. செப்டம்பரில் விசாரணை தொடங்கியது. அடுத்த மாதமே ‘லாலாங் நடவடிக்கை’யில் நூற்றுக்கும் மேற்பட்டோர் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்க் கைதாயினர். அவர்களுள் ஆலையை எதிர்த்த குழுவினரும் இருந்தனர். ஊராரின் வழக்கறிஞர் மீனாட்சி ராமனும் இருந்தார். கேள்விக்கு விடை தராமல் கேட்டவரைச் சிறைப்படுத்துவது எந்த ஆய்வு முறை?

1992 சூலை 11-இல் நீதிபதி பே சுவீ சின் மக்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்து ஆலையை மூட ஆணையிட்டார். உச்ச நீதிமன்றம் முதலில் அவ்வாணையை நிறுத்தி வைத்தது. 1993 டிசம்பர் 23-இல் தீர்ப்பையே மாற்றியது. ஆலைத் தரப்பு வல்லுநரின் கருத்தையே அது ஏற்றுக்கொண்டது. ஆயினும் 1994 சனவரியில் நிறுவனம் தானாகவே ஆலையை மூடிவிட்டது. பின்னர் நடந்த தூய்மைப் பணிக்கு ஏறத்தாழ 10 கோடி அமெரிக்க டாலர் செலவாகும் என்று 2011-இல் செய்தித்தாள்கள் எழுதின.

நடுநிலையோடு ஒன்றைச் சொல்ல வேண்டும். குழந்தைகளின் நோய்களுக்கும் கருச்சிதைவுகளுக்கும் ஆலையே காரணம் என மக்கள் கூறினர், நிறுவனம் மறுத்தது. வல்லுநர்களும் இரு தரப்பாகப் பிரிந்து சான்றளித்தனர். ஐயம் இருந்ததென்பது உண்மையே. ஆனால் ஐயம் உள்ள இடத்தில் மேலும் ஆராய்வதே அறிவு. அதனைக் காட்டி வாயடைப்பது அறிவாகாது. மடியில் பிள்ளையை வைத்திருந்த தாய்க்குத் தேவைப்பட்டது உறுதிமொழி அன்று, உண்மை.

குவாந்தானை அடுத்த கெபெங்கில் 2012-இல் மற்றோர் அரிய மண் ஆலை இயங்கத் தொடங்கியபோது நாட்டு மக்கள் ஆயிரக்கணக்கில் திரண்டனர். அவர்கள் அறிவியலின் பகைவர் அல்லர். புக்கிட் மேராவை மறவாதவர்.

அரசனை இடித்துரைக்கும் பெரியோரின் துணையை வள்ளுவர் வற்புறுத்தினார். மக்களாட்சியில் அப்பெரியோர் அரண்மனையில் மட்டும் இருப்பதில்லை. பாப்பான் சாலையோரத்திலும் நின்றிருந்தனர். அவர்களை முதல் நாளே செவிமடுத்திருந்தால், குழி தோண்டுமுன் அளவெடுத்திருப்போம். கிளேடாங் மலையைக் காணுந்தோறும் நம் தலைவர்கள் நினைவிற்கொள்ள வேண்டியது இதுவே.