பிள்ளைக்கு வெல்கம்... வயசான அம்மாவுக்கு? பெற்றோர் விசா போடும் கணக்கு!

மன்னார்குடி, ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, கும்பகோணம்னு டெல்டாவில் எந்த ஊருக்குப் போனாலும், தெருவுக்கு நாலு வீட்டில் பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பார்கள். வீட்டில் அப்பா, அம்மா ரெண்டு பேர். கொஞ்ச வருஷத்தில் ஒருத்தர். துக்கத்துக்கு வந்த பிள்ளை, பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஃப்ளைட் ஏறும்போதுதான் அந்தக் கேள்வி வரும்: "அம்மாவை நம்மகூடவே கூட்டிட்டுப் போயிட முடியாதா?"

முடியுமா என்பது மூன்று விஷயங்களைப் பொறுத்தது. பிள்ளை எந்த நாட்டில் இருக்கிறார், கையில் என்ன பாஸ் வைத்திருக்கிறார், அம்மாவுக்கு என்ன நோய். பாசம் இந்தப் பட்டியலில் இல்லை. வேலைக்கு வரும் இளைஞர்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சேர்த்துக்கொள்ளும் நாடுகள், ஓய்வு பெற்றவர்களையும் மாற்றுத்திறனாளிகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டுமா என்ற விவாதம் உலகம் முழுக்க நடக்கிறது. நம்ம ஊருக்கு அது விவாதம் இல்லை, வீட்டு விஷயம்.

சிங்கப்பூர்: சம்பளம்தான் பதில்

டெல்டாக்காரர்களுக்குப் பக்கத்து ஊர் மாதிரி சிங்கப்பூர். திருச்சியிலிருந்து நேரடி விமானம் இருக்கிறது. ஆனால், வொர்க் பெர்மிட்டில் கட்டுமானத்திலோ கப்பல் பட்டறையிலோ வேலை பார்ப்பவர், மனைவியைக்கூட டிபெண்டன்ட்டாக அழைத்துக்கொள்ள முடியாது. எம்ப்ளாய்மென்ட் பாஸோ எஸ் பாஸோ வைத்திருப்பவர் பெற்றோரை நீண்டகாலப் பாஸில் தங்க வைக்க வேண்டும் என்றால், மாதச் சம்பளம் குறைந்தது 12,000 சிங்கப்பூர் டாலர் இருக்க வேண்டும். ஊரிலிருந்து போனவர்களில் எத்தனை பேருக்கு இந்தச் சம்பளம் வரும் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். குடியுரிமையோ நிரந்தரவாசமோ பெற்றவர்களுக்கு விண்ணப்பிக்கும் வழி தனியாக உண்டு.

ஆஸ்திரேலியா: வரிசையில் நின்றால் 30 வருஷம்

இந்த விஷயத்தில் எல்லாவற்றையும் வெளிப்படையாகக் கணக்குப் போட்டு வைத்திருக்கும் நாடு ஆஸ்திரேலியா. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

முதல் வாசலில் 'குடும்பச் சமநிலை' சோதனை. பிள்ளைகளில் குறைந்தது பாதிப் பேர் ஆஸ்திரேலியாவில் நிரந்தரமாக இருக்க வேண்டும். அல்லது, வேறு எந்த ஒரு நாட்டில் இருப்பதையும்விட அங்கே அதிகம் பேர் இருக்க வேண்டும். ஒரு பிள்ளை சிட்னி, ஒரு பிள்ளை சென்னை என்றால் பாஸ். ஒருவர் சிட்னியில், ஒருவர் சென்னையில், இன்னொருவர் தஞ்சாவூரில் இருந்தால் ஃபெயில். அந்தத் தஞ்சாவூர்ப் பிள்ளை அம்மாவிடம் பேசியே வருஷக்கணக்கில் ஆகியிருந்தாலும் சரி, எண்ணிக்கை எண்ணிக்கைதான்.

தாண்டிவிட்டால் இரண்டு வரிசைகள். சாதாரண பெற்றோர் விசாவுக்குக் காத்திருப்பு 30 ஆண்டுகளுக்கு மேல் என்று அந்நாட்டு உள்துறையே சொல்கிறது. 65 வயதில் விண்ணப்பித்தால் 95-இல் விசா! பணம் கட்டும் 'கான்ட்ரிபியூட்டரி' வரிசையில் ஒருவருக்குச் சுமார் 48,000 ஆஸ்திரேலிய டாலர். அதற்கும் காத்திருப்பு 10 ஆண்டுகளைத் தாண்டுகிறது. அதனால் பலர் 2019-இல் வந்த தற்காலிகப் பெற்றோர் விசாவைப் பிடிக்கிறார்கள். 3 அல்லது 5 ஆண்டு, மொத்தமாக அதிகபட்சம் 10 ஆண்டு தங்கலாம். நிரந்தரவாசம் கிடையாது, மருத்துவ இன்ஷூரன்ஸ் நம் செலவு.

ஏன் இவ்வளவு கெடுபிடி? அந்நாட்டு அரசின் ஆலோசனை அமைப்பான புரொடக்டிவிட்டி கமிஷன் 2016-இல் ஒரு கணக்குச் சொன்னது. நிரந்தரமாக வரும் ஒரு பெற்றோரால், அவர் வாழ்நாளில் அரசுக்கு ஆகும் நிகரச் செலவு 3,35,000 முதல் 4,10,000 டாலர் வரை. கட்டணமாக வருவது அதில் சிறு பங்குதான்.

இந்தக் கணக்கைச் சும்மா தள்ளிவிட முடியாது. நாற்பது வருஷம் வரி கட்டிவிட்டு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கும் உள்ளூர்ப் பெரியவர், "நேத்து வந்தவங்களுக்கும் எனக்கும் ஒரே வரிசையா?" என்று கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது. ஆனால், கணக்கில் விட்டுப்போன வரிகளும் இருக்கின்றன. பிரசவத்துக்குப் போய் பத்தியச் சமையல் செய்து, பேரனைத் தூக்கி வளர்த்து, மருமகளை வேலைக்கு அனுப்பும் பாட்டிக்குச் சம்பளம் கிடையாது. அதே வேலைக்கு டே-கேரில் எவ்வளவு வாங்குகிறார்கள் என்று அங்கிருக்கும் உங்கள் ஃப்ரெண்டிடம் கேட்டுப் பாருங்கள். அதோடு, அந்த இன்ஜினீயரைப் பெற்று, வயலை அடமானம் வைத்துப் படிக்க வைத்த செலவு முழுக்க இந்தப் பக்கம். வரி மட்டும் அந்தப் பக்கம்.

மற்ற நாடுகளில்..?

கனடாவில் பெற்றோருக்கான நிரந்தரவாசத்துக்குக் குலுக்கல் மாதிரி தேர்வு. பிள்ளை 20 ஆண்டுகளுக்குப் பொறுப்பேற்க வேண்டும் (கியூபெக்கில் 10). அதனால் 'சூப்பர் விசா'தான் பிரபலம். ஒருமுறை போனால் 5 ஆண்டு வரை தங்கலாம். குறைந்தது 1,00,000 கனடா டாலருக்கு மருத்துவ இன்ஷூரன்ஸ் வேண்டும். நியூசிலாந்தும் 2025 செப்டம்பரில் இதே பாணியில் 5 ஆண்டு விசாவைக் கொண்டுவந்தது.

இங்கிலாந்தில் 2012-க்குப் பிறகு கதவு கிட்டத்தட்ட மூடிவிட்டது. அம்மாவுக்கு அன்றாட வேலைகளுக்கே ஆள் துணை வேண்டும். அந்தத் துணை இந்தியாவில் காசு கொடுத்தாலும் கிடைக்காது என்றும் நிரூபிக்க வேண்டும். ஹோம் நர்ஸ் கிடைக்கும் ஊரில் இதை எப்படி நிரூபிப்பது? நடமாட்டமாக இருந்தால் தகுதி இல்லை, முடியாமல் போனால்தான் தகுதி என்பதுதான் இதில் விநோதம்.

ஜெர்மனி எதிர்த்திசையில் போகிறது. 2024 மார்ச் 1-க்குப் பிறகு முதல்முறையாக அனுமதி பெற்ற திறன்மிகு பணியாளர்கள் சிலர் பெற்றோரையும் அழைத்துக்கொள்ளலாம். செலவும் இன்ஷூரன்ஸும் அவர்கள் பொறுப்பு.

அமெரிக்காவில் 21 வயது நிரம்பிய குடிமகன் பெற்றோருக்கு கிரீன் கார்டு கேட்கலாம், இதற்கு ஆண்டு உச்சவரம்பு இல்லை. ஆனால் கிரீன் கார்டு என்றால் அங்கே வாழ வேண்டும். சம்பா நடவுக்கு வந்து அறுவடை முடித்துவிட்டுப் போகும் அப்பா, ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் ஏர்போர்ட்டில் கேள்வி வரும். ஒரு வருஷத்தைத் தாண்டினால் கார்டுக்கே சிக்கல். போன உடனே மெடிகேரும் கிடையாது. வேலை பார்த்த பின்னணி இல்லாதவர்கள் 5 ஆண்டுகள் தொடர்ந்து வசித்த பிறகே பணம் கட்டி அதில் சேரலாம்.

உடம்புக்கு ஒரு விலை

வயதாவது பரவாயில்லை, மாற்றுத்திறன் இருந்தால் சிக்கல் குழந்தைகளுக்கும் வரும். ஆஸ்திரேலியாவில் ஒருவரின் மருத்துவ, பராமரிப்புச் செலவு 86,000 டாலரைத் தாண்டும் என மதிப்பிட்டால் (2024 ஜூலை முதல் இதுதான் வரம்பு) விசா மறுக்கலாம். பல விசாக்களில் குடும்பத்தில் ஒருவர் தேறாவிட்டால் மொத்தக் குடும்பமும் அவுட். 2008-இல் விக்டோரியா மாநிலச் சிறு நகரம் ஒன்றில் டாக்டருக்கே தட்டுப்பாடு. அங்கே வேலை பார்த்த ஜெர்மன் டாக்டருக்கு நிரந்தரவாசம் மறுக்கப்பட்டது. காரணம், மகனுக்கு டவுன் சிண்ட்ரோம். ஊரே கொதித்த பிறகு அமைச்சர் தலையிட்டார். 2023-இல் பெர்த்தில் ஒரு கேரளக் குடும்பத்துக்கும் இதே கதை, இதே முடிவு. மீடியா கவனிக்காத குடும்பங்கள் பெட்டி கட்டிக்கொண்டு திரும்பியிருக்கும். அந்நாட்டில் 1992-லேயே மாற்றுத்திறனாளிகளைப் பாகுபடுத்துவதற்கு எதிரான சட்டம் இருக்கிறது. குடியேற்றச் சட்டத்துக்கு மட்டும் அதிலிருந்து விலக்கு!

கனடா 2018-இல் தன் வரம்பை மூன்று மடங்காக உயர்த்தியது. 2025-இல் அது ஆண்டுக்குச் சுமார் 27,000 கனடா டாலர். கணவன், மனைவி, சார்ந்திருக்கும் குழந்தை, அகதிகளுக்கு இந்தச் சோதனை கிடையாது. பெற்றோருக்கு உண்டு. டயாலிசிஸில் இருக்கும் அம்மாவுக்கு இந்த வரம்பு போதாது. செலவைப் பிள்ளையோ இன்ஷூரன்ஸோ ஏற்கும் என்றால் தகுதியை மட்டும் பார்த்து அனுமதிக்கலாமே என்பதுதான் என் கட்சி. குழந்தை விஷயத்தில் இந்த நிபந்தனைகூட வேண்டாம். வேலைக்கு ஆளை எடுத்தால், அவர் குழந்தையும் சேர்ந்துதான் வரும்.

நாகப்பட்டினம் பார்த்த பழைய கதை

உழைக்கிற உடம்புக்கு மட்டும் கதவு திறப்பது டெல்டாவுக்குப் புதுசு இல்லை. ஒரு காலத்தில் மலாயா ரப்பர் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிய துறைமுகம் நாகப்பட்டினம். அங்கிருந்த டிப்போவில் உடம்பைச் சோதித்துத்தான் கப்பல் ஏற்றினார்கள். 1907-இல் மலாயாவில் உருவான தமிழர் குடியேற்ற நிதிக்குத் தோட்ட முதலாளிகள் பணம் கட்டினார்கள். தொழிலாளர்களுக்குக் கப்பல் கட்டணம் கொடுத்ததும் அந்த நிதிதான், தளர்ந்துபோனவர்களைத் திருப்பி அனுப்பியதும் அதே நிதிதான். 1930-களின் பொருளாதார மந்தத்தில், வேலை இல்லாத ஏராளமானோர் இதே கரையில் வந்து இறங்கினார்கள். 1938-இல் இந்திய அரசு இந்த ஆள்சேர்ப்பைத் தடை செய்தது.

நம் நாட்டையும் ஒருமுறை பார்த்துவிடலாம். வெளிநாட்டு முதியவர்களுக்கென்று இந்தியாவில் தனி ஓய்வுக்கால விசா கிடையாது. வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய நம்மவர்கள் ஓ.சி.ஐ கார்டில் வந்து எத்தனை வருஷமும் தங்கலாம். ஆனால், விவசாய நிலம் வாங்க முடியாது. வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். "ரிட்டயர் ஆனதும் ஊர்ல நாலு மா நிலம் வாங்கி விவசாயம் பார்ப்பேன்" என்று பிளான் போடுபவர்கள், பாஸ்போர்ட் மாற்றும் முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். அதேசமயம், 1983-க்குப் பிறகு படகில் வந்த இலங்கைத் தமிழர்களிடம் யாரும் மெடிக்கல் ரிப்போர்ட் கேட்கவில்லை. தாத்தா பாட்டியும் நடக்க முடியாதவர்களும் சேர்ந்தேதான் மண்டபம் முகாமுக்குள் வந்தார்கள். உள்ளே வந்தவர்களுக்குப் பல பத்தாண்டுகளாகியும் குடியுரிமை கிடைக்காதது வேறு கதை.

கிளம்பும் முன்...

பெற்றோரை அழைக்கும் யோசனை இருந்தால், அவர்கள் 60-களில் நடமாட்டமாக இருக்கும்போதே விண்ணப்ப வேலையை ஆரம்பித்துவிடுங்கள். சர்க்கரை, பிரஷர் இருந்தாலே விசா போச்சு என்று பயப்பட வேண்டாம். பெரும் செலவு வைக்கும் நோய்களைத்தான் தேடுகிறார்கள். ஆனால், எதையும் மறைக்கக் கூடாது. மறைத்தது தெரிந்தால் விசாவும் போகும், இன்ஷூரன்ஸ் க்ளெய்மும் போகும். கட்டணமும் விதியும் மாறிக்கொண்டே இருப்பதால், ஏஜென்ட் சொல்வதோடு நிறுத்தாமல் அந்தந்த நாட்டு அரசு இணையதளத்தையும் பாருங்கள். இங்கே இருக்கும் ஹெல்த் இன்ஷூரன்ஸை ரத்து செய்ய வேண்டாம். அப்பா திரும்பி வந்தால் 72 வயதில் புதுசாக எடுப்பது கஷ்டம். பென்ஷன் வாங்குபவர் என்றால் வருஷா வருஷம் உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர்கள் அதை அங்குள்ள இந்தியத் தூதரகம் மூலம் கொடுக்கலாம். நிலம் குத்தகையில் இருந்தால், கிளம்பும் முன் குத்தகைக் கணக்கை எழுத்தில் முடித்து, நம்பிக்கையான ஒருவருக்கு பவர் எழுதிப் பதிவு செய்துவிடுவது நல்லது. மெல்போர்னில் உட்கார்ந்துகொண்டு பட்டா மாறுதலுக்கு அலைய முடியாது.